‘கார்டு போச்சு மச்சி!’ - நிஜமாவே போச்சா?

ராத்திரி பதினோரு மணி. மெஸ்ஸில் சாப்பிட்ட சப்பாத்தி எப்போதோ ஜீரணமாகிவிட்டது. ஹாஸ்டல் ரூமில் இருக்கும் ஒரே டேபிளைச் சுற்றி நான்கு தலைகள். நடுவில் லேப்டாப். அதிலிருந்து நீளும் யு.எஸ்.பி. கேபிள். அதன் முனையில் டேட்டா அக்விசிஷன் கார்டு. பக்கத்தில், சிவப்பும் கறுப்புமாக வயர்கள் மண்டிய ஒரு பிரெட்போர்டு. ஃபைனல் ரிவ்யூவுக்கு இன்னும் மூன்றே நாள்!

ஸ்கிரீனில் 5 என்று டைப் பண்ணி என்டர் தட்டுகிறீர்கள். மல்டிமீட்டர் 4.76 என்கிறது. மறுபடி தட்டுகிறீர்கள். மறுபடியும் 4.76. லேப்டாப்பை ரீ-ஸ்டார்ட் பண்ணி, சாமியை வேண்டிக்கொண்டு தட்டுகிறீர்கள். ம்ஹூம்... அதே 4.76.

‘‘கார்டு போச்சு மச்சி!’’ என்கிறான் ஒருத்தன். ‘‘போன பேட்ச் சீனியருங்க எரிச்சு வெச்சுட்டுப் போயிருக்கானுங்கடா’’ என்று காரணமும் கண்டுபிடித்துவிடுகிறான் இன்னொருத்தன். மூன்றாவது ஆள் புது கார்டு என்ன விலை என்று தேடிப் பார்த்துவிட்டு, மூச்சுவிடாமல் உட்கார்ந்திருக்கிறான். நான்காவது ஆள்தான் ரொம்ப ஆபத்தானவன். கூலாகச் சொல்கிறான்: ‘‘விடு மச்சி... கோடுல 1.05-ஆல பெருக்கிட்டா கரெக்டா வந்துடும்!’’

அந்த நான்காவது ஆள் வேறு யாருமில்லை பாஸ்... நான்தான்!

1.05 செய்த துரோகம்

எங்கள் புராஜெக்ட், ஒரு சின்ன டி.சி. மோட்டாரின் வேகத்தை கம்ப்யூட்டரிலிருந்து கட்டுப்படுத்துவது. கார்டிலிருந்து 0 முதல் 5 வோல்ட் வரை வெளியே போகும். அதை ஒரு டிரைவர் போர்டு வாங்கி, மோட்டாரை ஓட்டும். 3 வோல்ட் கொடுத்தால் 1,500 ஆர்.பி.எம். வரவேண்டும் என்பது கணக்கு. ஆனால், 3 கேட்டால் கார்டு 2.86-தான் கொடுத்தது. 5 கேட்டால் 4.76. இரண்டையும் வகுத்துப் பார்த்தால் 1.05 வந்தது. அதைக் கோடில் ஒரு மூலையில் செருகினேன். 3 கேட்டால் 3 வந்தது. ‘‘ஜீனியஸ்டா நீ!’’ என்று டீமே தோளில் தட்டியது. அன்றைக்கு டீ, பஜ்ஜி செலவு எனக்கு இல்லை.

ரிவ்யூவுக்கு முதல் நாள் சாயங்காலம் டிரைவர் போர்டு புகைந்துவிட்டது. பக்கத்து டீமிடம் கெஞ்சிக் கூத்தாடி வேறொரு போர்டு வாங்கி மாட்டினோம். மோட்டார் சுற்றியது. அதற்கு மேல் எதையும் செக் பண்ணவில்லை. பி.பி.டி. பண்ணவே நேரமில்லை, இதில் மறுபடி அளப்பதாவது!

மறுநாள் எக்ஸ்டர்னல் சார் வந்தார். ஸ்கிரீனில் 1,500 என்று இருந்தது. டாக்கோமீட்டரை எடுத்து மோட்டார் பக்கம் நீட்டினார். 1,575-ஐ ஒட்டி ஆடியது. சார் ஒன்றும் சொல்லாமல் லேப்டாப் பக்கம் குனிந்து கோடைப் படித்தார்.

‘‘என்னப்பா இது, 1.05?’’

‘‘அது... கரெக்‌ஷன் ஃபேக்டர் சார்.’’

‘‘சரி, எதைக் கரெக்ட் பண்ணுது?’’

அந்தக் கேள்விக்கு இன்றைக்கு என்னிடம் ஒரு பக்கத்துக்குப் பதில் இருக்கிறது. அன்றைக்கு ஒரு வார்த்தைகூட இல்லை. மார்க் போனதுகூடப் பெரிசில்லை. நாலு மாசம் ராப்பகலாக உழைத்தது அவ்வளவும், அந்த ஒரு நம்பரால் சந்தேகத்துக்கு ஆளானது. ‘இதை இட்டுக்கட்டியிருந்தா, மத்ததெல்லாம் எப்படி?’ என்று சார் வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்காமலே எங்களுக்குப் புரிந்தது.

இந்தக் கட்டுரை, அந்த ஒரு கேள்விக்கான பதில்தான்.

காது நல்லா இருக்கு... வாய்?

டேட்டா அக்விசிஷன் கார்டுக்குக் காதும் உண்டு, வாயும் உண்டு. வெளியே இருக்கும் வோல்டேஜை அளந்து நம்பராக மாற்றிக் கம்ப்யூட்டருக்குச் சொல்வது காது. அதாவது அனலாக் இன்புட். கம்ப்யூட்டர் சொல்லும் நம்பரை வோல்டேஜாக மாற்றி வெளியே விடுவது வாய், அனலாக் அவுட்புட். நம் பஞ்சாயத்து வாயைப் பற்றியது.

அவுட்புட் 12 பிட் என்றால், 0-விலிருந்து 5 வோல்ட் வரைக்குமான தூரத்தை 4,096 படிகளாகப் பிரித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஒரு படி சுமார் 1.22 மில்லிவோல்ட். நமக்குக் குறைந்ததோ 240 மில்லிவோல்ட். கிட்டத்தட்ட 200 படிகள்! ஸோ, ‘ஏதோ ரவுண்டிங் எரர்’ என்று தப்பிக்க முடியாது. எங்கேயோ ஒரு காரணம் உட்கார்ந்திருக்கிறது.

அந்தக் காரணத்தை நான் கண்டுபிடித்தது ரிவ்யூ முடிந்து ஒரு வாரம் கழித்து. கார்டைத் திருப்பிக் கொடுக்க லேபுக்குப் போனபோது, ‘‘அண்ணா, இந்த கார்டு ரிப்பேர்ண்ணா’’ என்றேன். லேப் அண்ணா சிரித்தார். அவுட்புட்டில் மாட்டியிருந்த வயர் எல்லாவற்றையும் பிடுங்கினார். கார்டு டெர்மினலிலேயே மல்டிமீட்டர் முனைகளை வைத்தார். ‘‘5 அனுப்புப்பா’’ என்றார். அனுப்பினேன்.

5.00!

கார்டு போகவே இல்லை பாஸ். நான்தான் அதன் வாயில் கல்லைக் கட்டியிருந்தேன்.

குற்றவாளி 1: லோடு

எந்த அவுட்புட்டுக்கும் உள்ளுக்குள்ளே கொஞ்சம் ரெசிஸ்டன்ஸ் உண்டு. லேபில் பார்த்திருப்பீர்களே, யு.எஸ்.பி-6008... அந்த கார்டின் டேட்டா ஷீட்டைப் புரட்டினால் இரண்டு வரிகள் இருக்கும். அவுட்புட் இம்பீடன்ஸ் 50 ஓம். அதிகபட்ச கரன்ட் 5 மில்லி ஆம்பியர். நாம் எல்லோரும் படிக்காமல் தாண்டிப் போகிற வரிகள் அவை!

எங்கள் கார்டும் அதே ஜாதிதான். எரிந்துபோன டிரைவர் போர்டின் இன்புட்டில் 1 கிலோ ஓம் இருந்தது. இப்போது ஃபர்ஸ்ட் இயரில் படித்த வோல்டேஜ் டிவைடரை நினைத்துக்கொள்ளுங்கள். 5 வோல்ட்டை உள்ளே இருக்கும் 50 ஓமும், வெளியே இருக்கும் 1,000 ஓமும் பங்கு போட்டுக்கொள்கின்றன. வெளியே கிடைப்பது 5 × 1000 / 1050. எவ்வளவு வருகிறது? 4.76! கால்குலேட்டரில் அந்த நம்பரைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சே அடைத்துவிட்டது. நான் போட்ட அந்த 1.05, வேறொன்றுமில்லை... 1050-ஐ 1000-ஆல் வகுத்தது!

பக்கத்து டீமிடம் வாங்கிய போர்டின் இன்புட் 100 கிலோ ஓம். அதற்கு முன்னால் 50 ஓமெல்லாம் தூசு. வோல்டேஜ் குறையவே இல்லை. ஆனால், என் கோடு மட்டும் விடாமல் 1.05-ஆல் பெருக்கிக்கொண்டிருந்தது. 3 வோல்ட் போகவேண்டிய இடத்தில் 3.15 போனது. 1,500 சுற்றவேண்டிய மோட்டார் 1,575 சுற்றியது. தவறை மறைக்கப் போட்ட நம்பரே, தவறு போன பிறகு தவறாக மாறிவிட்டது.

இன்னொரு கூத்தும் உண்டு. பழைய போர்டில் வெளியே 5 வோல்ட் வரவேண்டுமென்றால் என் கோடு 5.25 அனுப்பவேண்டும். கார்டின் உச்சமே 5-தான். ஆக, மேல்பகுதி முழுக்கக் கை நழுவிப்போனது. அதையும் நாங்கள் கவனிக்கவில்லை.

1 கிலோ ஓமுக்கே இந்தக் கதை. சிலர் ரிலே காயிலை, சின்ன மோட்டாரை, ஏன்... ரெசிஸ்டரே இல்லாமல் எல்.இ.டி-யை நேராக அனலாக் அவுட்புட்டில் மாட்டுகிறார்கள். 5 மில்லி ஆம்பியர் தரும் வாயிடம் 60 மில்லி ஆம்பியர் கேட்டால் அது என்ன செய்யும்? குரல் கம்மிப்போகும். 5 கேட்டால் 2 வரும், 1 வரும்.

மருந்து என்ன? நடுவில் ஒரு பஃபர். ஓர் ஆப்-ஆம்பை வோல்டேஜ் ஃபாலோயராக மாட்டுங்கள். அது கார்டிடமிருந்து கரன்ட்டே கேட்காமல் வோல்டேஜை மட்டும் காப்பி அடித்து, லோடுக்குத் தேவையானதைத் தன் சப்ளையிலிருந்து கொடுக்கும். ஆனால், உஷார்! எல்.எம்.358-ஐ 5 வோல்ட் சப்ளையிலேயே ஓட்டினால் மேலே சுமார் 3.5 வோல்ட்டோடு நின்றுவிடும். 12 வோல்ட் கொடுங்கள். ‘லேப்ல 741-தான் இருக்கு’ என்பவர்கள் பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டு சப்ளையும் கொடுங்கள். ஒற்றை சப்ளையில் அது பூஜ்யத்துக்கு இறங்கவே இறங்காது. ரிலே, மோட்டார் என்றால் டிரான்சிஸ்டரோ மாஸ்ஃபெட்டோ கட்டாயம். காயிலுக்குக் குறுக்கே ஒரு 1என்4007 டயோடும் கட்டாயம்.

குற்றவாளி 2: கிரவுண்டு

லோடைக் கழற்றியும் வோல்டேஜ் தப்பாக இருக்கிறதா? அடுத்த கேள்வி: எதற்கும் எதற்கும் நடுவில் அளக்கிறீர்கள்?

வோல்டேஜ் என்பது இரண்டு இடங்களுக்கு நடுவில் உள்ள வித்தியாசம். சிவப்பு முனை சரியான இடத்தில் இருக்கும். கறுப்பு முனை பிரெட்போர்டின் ஏதோ ஓர் ஓட்டையில் குத்தியிருக்கும். அந்த ஓட்டை கார்டின் கிரவுண்டோடு சேர்ந்திருக்கிறதா? ‘நீல கோடு போட்டிருக்கே சார்!’ என்பீர்கள். அங்கேதான் வில்லங்கம். பல பிரெட்போர்டுகளில் ஓரத்தில் ஓடும் பவர் வரிசை சரிபாதியில் வெட்டுப்பட்டிருக்கும். கோடு விட்டிருக்கிறதா என்று உற்றுப்பாருங்கள். இடது பாதியில் கிரவுண்டு கொடுத்துவிட்டு, வலது பாதியில் சர்க்யூட் கட்டினால், உங்கள் சர்க்யூட் அந்தரத்தில் தொங்கும். மல்டிமீட்டர் வாய்க்கு வந்ததைச் சொல்லும்.

தனி பவர் சப்ளையில் ஓடும் டிரைவர் போர்டா? அதன் கிரவுண்டும் கார்டின் கிரவுண்டும் ஒரு வயரால் சேர்ந்திருக்க வேண்டும். ‘பாசிட்டிவ் கொடுத்தா போதாதா?’ என்று கேட்காதீர்கள். போன கரன்ட் திரும்பி வர வழி வேண்டாமா?

ஒரு சின்ன டெஸ்ட். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப்பாருங்கள். ஆடிக்கொண்டிருந்த ரீடிங் சட்டென்று அமைதியானால், விஷயம் கார்டில் இல்லை. சார்ஜர் வழியாகவும் கிரவுண்டு வழியாகவும் நுழையும் இரைச்சலில் இருக்கிறது.

குற்றவாளி 3: சாட்சி சொல்லும் மீட்டர்

கார்டைச் சந்தேகப்படுகிறோம், கோடைச் சந்தேகப்படுகிறோம். கையிலிருக்கும் மல்டிமீட்டரை மட்டும் அரிச்சந்திரன் என்று நம்புகிறோம். அதையும் விசாரியுங்கள்.

முனை செருகும் ஓட்டையைப் பாருங்கள். யாரோ கரன்ட் அளந்துவிட்டு சிவப்பு முனையை 10 ஆம்பியர் ஓட்டையிலேயே விட்டுப் போயிருப்பார்கள். அதோடு வோல்டேஜ் அளந்தால், நீங்கள் அளக்கவில்லை... கார்டின் அவுட்புட்டை ஷார்ட் பண்ணுகிறீர்கள்! 0.00 என்று காட்டும். ‘செத்துப்போச்சு’ என்று கார்டுக்கு மாலை போட்டுவிடுவீர்கள்.

அடுத்து பேட்டரி. விலை குறைந்த பல மீட்டர்களில் உள்ளே இருக்கும் 9 வோல்ட் பேட்டரி இறங்கினால், ரீடிங் இருப்பதைவிட அதிகமாகக் காட்ட ஆரம்பிக்கும். ஒரு புது 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியை அளந்து பாருங்கள். 1.6 சுமாருக்குக் காட்டினால் மீட்டர் நல்ல பிள்ளை. 1.9 என்று காட்டினால் முதலில் அதற்கு பேட்டரி மாற்றுங்கள்.

குற்றவாளி 4: நீங்களே எழுதிய கோடு

ஹார்டுவேர் எல்லாம் சுத்தம். இப்போது லேப்டாப் பக்கம் திரும்புவோம்.

இந்த கார்டு 0 முதல் 5 வரைதான் என்றால், மைனஸ் 2 கேட்டால் வராது. ரேஞ்சை முதலில் பாருங்கள். அவுட்புட் 0-வுக்கு அனுப்பிவிட்டு அவுட்புட் 1-ஐ அளக்கும் புண்ணியவான்கள் ஒவ்வொரு பேட்ச்சிலும் உண்டு. ‘சி’-யில் எழுதுபவர்களுக்கு ஸ்பெஷல் பொறி ஒன்று: முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் தசமம் காணாமல் போகும். 5-ஐ 2-ஆல் வகுத்தால் 2.5 இல்லை, 2. அவுட்புட் 1, 2, 3 என்று குதித்துக் குதித்துப் போகிறதா? குற்றவாளி கார்டு இல்லை. ஒரு புள்ளி வைக்க மறந்த உங்கள் விரல்.

‘எங்ககிட்ட கார்டெல்லாம் இல்ல, ஆர்டினோதான்’ என்பவர்களுக்கும் உண்டு. ஆர்டினோ யூனோவில் ‘அனலாக் ரைட்’ என்று ஒரு கட்டளை இருக்கிறதே, அது பெயரில்தான் அனலாக். வெளியே வருவது 5-க்கும் 0-வுக்கும் நடுவில், செகண்டுக்குச் சுமார் 490 தடவை (5, 6-ம் பின்களில் சுமார் 980 தடவை) துடிக்கும் சதுர அலை. மல்டிமீட்டர் சராசரி பார்த்து 2.5 என்று சொல்லிவிடும். ஆசிலோஸ்கோப்பில் பார்த்தால் குட்டு உடையும். நிஜ டி.சி. வேண்டுமென்றால் 10 கிலோ ஓமும் 10 மைக்ரோஃபாரடும் சேர்த்து ஒரு ஃபில்டர் போடுங்கள். கொஞ்சம் மெதுவாகத்தான் நகரும். ஆனால் வழவழவென்று வரும்.

ஆர்டினோ டியூவில் நிஜமான 12 பிட் அவுட்புட் இரண்டு உண்டு. ஆனால், அதில் 0 அனுப்பினால் 0 வோல்ட் வராது. அதன் பாதையே 0.55-விலிருந்து 2.75 வோல்ட் வரைதான். படைத்தவர்களே அப்படிப் படைத்திருக்கிறார்கள். எம்.சி.பி.4725 சிப் வாங்கிப் போட்டவர்கள், அதற்கு வரும் சப்ளையை அளந்து பாருங்கள். அந்த சப்ளைதான் அதற்கு அளவுகோல். யு.எஸ்.பி-யிலிருந்து 5-க்குப் பதில் 4.8 வந்தால், பாதி கேட்கும்போது 2.5 வராது; 2.4-தான் வரும். அளவுகோலே குட்டை என்றால், அளப்பதெல்லாம் குட்டைதானே!

கடைசியாக ஒன்று. பல கார்டுகள் புரோகிராம் நின்ற பிறகும் கடைசியாகச் சொன்ன வோல்டேஜைப் பிடித்துக்கொண்டே இருக்கும். ‘ஸ்டாப் அமுக்கிட்டேன், மோட்டார் நிக்கலையே!’ என்று அலறாதீர்கள். வெளியேறும் முன் 0 அனுப்பிவிட்டு வெளியேறுங்கள். கை விரல் பத்திரம்!

ஐந்து புள்ளி ஜாதகம்

இத்தனை குற்றவாளிகளில் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரே ஒரு ரீடிங்கை வைத்துக்கொண்டு சத்தியமாக முடியாது. எனக்கு 1.05 தோன்றியதும் அதனால்தான். ஒரு நோட்டை எடுங்கள். 0, 1, 2, 4, 5 என்று ஐந்து வோல்டேஜ் அனுப்புங்கள். வந்ததைப் பக்கத்தில் எழுதுங்கள். லோடோடு ஒரு தடவை, லோடு இல்லாமல் ஒரு தடவை. பத்து நிமிஷ வேலை. அந்தப் பத்து நம்பர்கள் ஜாதகம் மாதிரி எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

எல்லா இடத்திலும் ஒரே அளவு வித்தியாசமா? கிரவுண்டைப் பாருங்கள். 1-க்கு 0.95, 2-க்கு 1.90, 4-க்கு 3.81 என்று விகிதமாகக் குறைகிறதா? லோடு, ரெஃபரன்ஸ், அல்லது கோடில் இருக்கும் ஸ்கேல். கீழே சரியாக வந்து, மேலே போய் ஓர் இடத்தில் முட்டி நிற்கிறதா? கரன்ட் எல்லை, இல்லாவிட்டால் ஆப்-ஆம்புக்கு சப்ளை போதவில்லை. ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பதிலா? லூஸ் வயர். என்ன அனுப்பினாலும் அசையவே இல்லையா? தப்பான சேனல், ஷார்ட்... அப்புறம்தான், கடைசியாகத்தான், கார்டு.

மல்டிமீட்டர் இல்லையென்றால் கார்டின் வாயிலிருந்து அதன் காதுக்கே ஒரு வயர் போட்டும் பார்க்கலாம். ஆனால், அந்த வயர் சரியாக உட்காரவில்லை என்றால், பக்கத்து சேனலின் வோல்டேஜை ஆவி மாதிரி இதிலும் காட்டும். காரணம், உள்ளே ஒரே அளவி எல்லா சேனலுக்கும் மாறி மாறிப் போகிறது. போன இடத்தின் மிச்சம் ஒட்டிக்கொண்டு வருகிறது. எதுவும் மாட்டாத சேனல் பூஜ்யம் காட்டும் என்று நம்பாதீர்கள்.

விஞ்ஞானிகளுக்கும் லூஸ் வயர் உண்டு!

‘லூஸ் கனெக்‌ஷனா... அதெல்லாம் ஃபர்ஸ்ட் இயர் பசங்க பண்ற தப்பு’ என்று சிரிக்கிறீர்களா? இது வோல்டேஜ் கதை அல்ல, நேரத்தை அளந்த கதை. ஆனால், பாடம் அதேதான்.

2011 செப்டம்பர். ஜெனீவா பக்கத்தில் இருக்கும் செர்ன் ஆய்வுக்கூடத்திலிருந்து கிளம்பும் நியூட்ரினோக்களை, இத்தாலியில் கிரான் சாஸோ மலைக்கு அடியில் ‘ஓபெரா’ குழு பிடித்து அளந்துகொண்டிருந்தது. இடையில் சுமார் 730 கிலோமீட்டர். ஒளிக்கே 2.4 மில்லி செகண்ட் ஆகும் தூரம். நியூட்ரினோக்களோ ஒளியைவிட சுமார் 60 நானோ செகண்ட் முன்னால் வந்துவிட்டதாக அளவு காட்டியது. அப்படியென்றால் ஐன்ஸ்டீன் அவுட்! உலகமே பரபரத்தது.

அந்தக் குழு என்ன செய்தது தெரியுமா? கோடில் 60 நானோ செகண்டைக் கழித்துவிட்டுக் கமுக்கமாக இருக்கவில்லை. ‘எங்களுக்கு இப்படி வருது, எங்க தப்புன்னு தெரியலை, எல்லாரும் பாருங்க’ என்ற அர்த்தத்தில் அளவை அப்படியே வெளியே வைத்தது. தேடிக்கொண்டே இருந்தது. 2012-ல் காரணம் சிக்கியது. ஜி.பி.எஸ். நேரத்தைக் கொண்டுவரும் ஆப்டிகல் ஃபைபர் கேபிளின் கனெக்டர் சரியாக உட்காரவில்லை. கூடவே, ஒரு கடிகார ஆசிலேட்டரிலும் சின்னப் பிசகு. சரிசெய்து அளந்தால், நியூட்ரினோ சமர்த்தாக ஒளியின் வேகத்துக்குள் வந்து நின்றது. ஐன்ஸ்டீன் நாட் அவுட்!

அவர்களுக்கும் லூஸ் கனெக்‌ஷன்தான். ஆனால், அவர்கள் 1.05 போடவில்லை. வித்தியாசம் அங்கேதான்.

நிஜமாகவே செத்துவிட்டால்?

சில சமயம் கார்டு நிஜமாகவே போகும். 12 வோல்ட் வயர் தவறி அவுட்புட்டில் பட்டால் போகும். டயோடு இல்லாத ரிலே காயில் அணையும்போது எட்டி உதைத்தால் போகும். ஆனால், மரணச் சான்றிதழ் கொடுக்கும் முன் நான்கு காரியங்கள் செய்யுங்கள். எல்லா வயரையும் கழற்றி டெர்மினலிலேயே அளங்கள். உங்கள் கோடை மூடிவிட்டு, கார்டு தயாரித்தவர்களே கொடுத்திருக்கும் டெஸ்ட் பேனலிலிருந்து வோல்டேஜ் அனுப்புங்கள். வேறு கேபிள், வேறு கம்ப்யூட்டரில் மாட்டிப் பாருங்கள். அடுத்த அவுட்புட் சேனலையும் அளங்கள். இவ்வளவுக்குப் பிறகும் அந்த ஒரு சேனல் மட்டும் அசையவில்லை என்றால்... சரி, போய்விட்டது.

இப்போதுதான் முக்கியமான விஷயம். அதைச் சத்தமில்லாமல் டப்பாவில் போட்டு பீரோவில் வைத்துவிடாதீர்கள். லேப் அண்ணாவிடம் சொல்லுங்கள். ‘அவுட்புட் 0 வேலை செய்யாது, அவுட்புட் 1 ஓகே’ என்று தேதியோடு ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். திட்டுவார்தான், வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஸ்டிக்கர் இல்லாவிட்டால் அடுத்த வருஷம் இதே ராத்திரி பதினோரு மணிக்கு, இதே ரூமில், வேறு நான்கு பேர் உங்களைத்தான் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

ரிவ்யூவுக்கு முதல் நாள்... பாக்கெட்டில் இருக்கட்டும்!

* மீட்டரின் சிவப்பு முனை எந்த ஓட்டையில்? பேட்டரி எப்படி?
* லோடைக் கழற்றி, கார்டு டெர்மினலிலேயே முதல் ரீடிங்.
* டேட்டா ஷீட்டில் மூன்று வரிகள்: ரேஞ்ச், அவுட்புட் இம்பீடன்ஸ், அதிகபட்ச கரன்ட்.
* கிரவுண்டு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்திருக்கிறதா? பிரெட்போர்டின் நடுவெட்டைத் தாண்ட ஒரு வயர்.
* ஐந்து புள்ளி ஜாதகம், இரண்டு தடவை. நோட்டில், தேதியோடு.
* எந்த போர்டை மாற்றினாலும் ஜாதகம் மறுபடி.

கோடில் கரெக்‌ஷன் ஃபேக்டர் போடுவதே பாவம் என்று சொல்லவில்லை. நல்ல கருவிகளிலும் காலிப்ரேஷன் என்று அதைத்தான் செய்கிறார்கள். ஆனால், அவர்களுக்கு அந்த நம்பர் எங்கிருந்து வந்தது, எப்போது வரை செல்லும், எதை மாற்றினால் செல்லாது என்று தெரியும். உங்களுக்கும் தெரிந்தால், தாராளமாகப் போடுங்கள். பக்கத்திலேயே ஒரு வரி கமென்ட்டும் எழுதுங்கள்.

தெரியாவிட்டால்? எக்ஸ்டர்னல் சாரிடம் ‘‘5 கேட்டா 4.76 வருது சார். காரணம் இன்னும் பிடிபடலை. இதுவரைக்கும் இதையெல்லாம் செக் பண்ணிட்டோம்’’ என்று நோட்டை நீட்டுங்கள். அன்றைக்கு நான் மட்டும் அந்த நோட்டை நீட்டியிருந்தால், சார் பேனாவை எடுத்து 50 ஓம், 1,000 ஓம் என்று இரண்டு கட்டம் வரைந்து காட்டியிருப்பார்.

இரண்டே கட்டம்தான் பாஸ். நான் ஒரு வாரம் லேட்!